மார்னி மீன்

நார்பெர்ட் வோய்ட்டாஸ், சுருக்கமாக நார்ப், சண்டைக்கு ஆகாத மனிதர். வீட்டில் யாருடைய குரலாவது கொஞ்சம் உயர்ந்தால் போதும், ஆள் எழுந்து சமையலறைக்குப் போய் எதையாவது சூடு பண்ண ஆரம்பித்துவிடுவார். "இவனைக் கட்டிக்கிட்டு நான் ஒரு சண்டையைக்கூட ஒழுங்காப் போட்டு முடிச்சதில்ல. நடுவுல சூப் வந்துடுது" என்று அவர் மனைவி காலீன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருக்கும் பெருமையைப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தின் தெற்குப் பக்கத்தில், குளிர்காலத்தில் பனி வாரும் லாரி, மற்ற காலத்தில் குப்பை லாரி, இதுதான் நார்ப்பின் உத்தியோகம். ஐம்பதைத் தாண்டியாயிற்று. பெரிய உடம்பு, சின்னக் குரல். நடுத்தெருப் பனியை வாரி வீட்டு வாசல்களை மறித்துக் கொட்டிவிட்டுப் போவதுதான் அந்த லாரிகளின் குணம். அதற்காக அந்த ஓட்டுநர்களை ஜனங்கள் திட்டாத திட்டுக் கிடையாது. நார்ப் மட்டும் வயதானவர்கள் வீடு வந்தால் வேகத்தைக் குறைத்து, முன் தகட்டைக் கொஞ்சம் திருப்பி, வாசலை விட்டுவிட்டுப் போவார். மேலதிகாரி கேட்டால் "முதுகு வலி சார், மெதுவாத்தான் ஓட்ட முடியுது" என்பார். அவர் முதுகு கல்லு மாதிரி இருக்கும்.

அவர் காலீனைக் கட்டிக்கொண்டபோது அவளுக்கு எட்டு வயதில் மார்னி என்று ஒரு பெண் இருந்தாள். கூடவே, விட்டுப்போன புருஷன் ஒருவரும் இருந்தார். டுவேன் என்று பெயர். வீடுகளுக்குக் கூரை போடுகிறவர். மேலேயிருந்து கீழே கத்திக் கத்தி, தரைக்கு வந்த பிறகும் அதே குரலில்தான் பேசுவார். விவாகரத்துத் தீர்ப்பில் நீதிபதி எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்திருந்தார். வீடு இவளுக்கு, படகு அவருக்கு. வருமான வரிக் கணக்கில் மார்னியைத் தன் பிள்ளை என்று காட்டி வரிச் சலுகை வாங்கும் உரிமை மட்டும் ஒரு வருஷம் அவருக்கு, மறு வருஷம் இவளுக்கு.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நியாயத்தை ரெண்டு கோபக்காரர்கள் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? ஒரு வருஷம் ரெண்டு பேருமே காட்டிவிட்டார்கள். அரசாங்கம் ரெண்டு பேருக்கும் ஓலை அனுப்பியது. வக்கீலுக்குப் போன காசில் மார்னிக்கு இன்னொரு படகு வாங்கியிருக்கலாம். காலீனைப் பார்க்க நார்ப் முதல்முறை அந்த வீட்டுக்குப் போன அன்றும் தொலைபேசியில் அதே சண்டைதான். "அவ என் பிள்ளை!" "இல்ல, இந்த வருஷம் என் பிள்ளை!" என்று ரெண்டு பக்கமும் கத்த, பிள்ளை மாடிப்படியில் உட்கார்ந்து பாலில் ஊறிப்போன சோளப்பொரியைக் கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தது.

நார்ப் அந்தப் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் ரெண்டு வீட்டுப் பிள்ளை. அவர் பள்ளிப்படிப்பு முடித்த நாளில் அப்பா ஒரு கேக்கோடு வந்தார், அம்மா ஒரு கேக்கோடு வந்தார். வண்டி நிறுத்துமிடத்தின் இந்த மூலையில் ஒருவர், அந்த மூலையில் ஒருவர். எந்தக் கேக்கை முதலில் வெட்டுவது என்று தெரியாமல் பையன் நடுவில் நின்றான். கடைசியில் ரெண்டையும் தொடவில்லை.

அந்த வாரமே டுவேனுக்குப் போன் போட்டார். அதுவரை முகம்கூடப் பார்த்ததில்லை.

"வெள்ளிக்கிழமை பங்குக் கோவில் ஹால்ல மீன் சாப்பிட வர்றியா?"

"யாருய்யா நீ?"

"காலீனைக் கட்டிக்கப் போறவன்."

"யாரு காசு?"

"என் காசு."

"அப்ப வர்றேன்."

ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலமான தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் அந்த ஊரில் யாரும் இறைச்சி தொடமாட்டார்கள். பங்குக் கோவில் ஹாலில் மேசை போட்டு, பொரித்த மீனும் உருளைக்கிழங்கு அடையும் முட்டைக்கோஸும் போடுவார்கள். கோவிலுக்கு வராதவர்கள்கூட மீனுக்கு வந்துவிடுவார்கள். வரிக் கணக்குக் கொடுக்கிற காலமும் அதுதான். அந்த மேசையில் வைத்து நார்ப் ஒரு ஒப்பந்தம் பேசினார். இனி வருஷா வருஷம் தவக்காலத்து முதல் வெள்ளியன்று ரெண்டு வீடும் இங்கே வர வேண்டும். அந்த வருஷம் மார்னியை யார் கணக்கில் காட்டுகிறார்களோ அவர்கள் செலவில் எல்லோருக்கும் மீன். "பிள்ளை கிடைச்சவங்க மீன் வாங்கணும். பிள்ளை கிடைக்காதவங்க மீன் தின்னு ஆறிக்கணும். அவ்வளவுதான்."

டுவேன் யோசித்துப் பார்த்தார். ஒரு வருஷம் பிள்ளை, ஒரு வருஷம் மீன். எப்படிப் பார்த்தாலும் நஷ்டமில்லை. சரி என்றார்.

அதற்கு மார்னி மீன் என்று பெயர் வந்தது. வைத்தவளும் மார்னிதான். அந்தப் பிள்ளைக்கு அந்த வெள்ளிக்கிழமை பிறந்தநாளை விடப் பெரிய நாளாகிவிட்டது. பிறந்தநாளை ரெண்டு வீட்டிலும் தனித்தனியாகத்தான் கொண்டாடினார்கள், இது ஒரே மேசை. வருஷங்கள் போகப்போக மேசையில் ஆள் கூடியது. டுவேன் ஷெர்ரி என்றொருத்தியைக் கட்டிக்கொண்டு வந்தார். நகத்துக்குச் சாயம் போடும் கடை வைத்திருப்பவள், அதிகம் பேசமாட்டாள், பேசினால் குத்தும். நார்ப்புக்கும் காலீனுக்கும் லாட்டி பிறந்தாள். லாட்டிக்கு இப்போது ஆறு வயது, அவளுக்கு இதில் ஒரே குறை: "எனக்கு மட்டும் ஏன் யாரும் மீன் வாங்கறதில்ல?"

"உனக்காக யாரும் அடிச்சுக்கலடி" என்பாள் மார்னி.

"ஏன் அடிச்சுக்கல?" என்று அதற்கும் ஒரு மூச்சு அழுவாள்.

ரெண்டு வீடும் உறவாகிவிட்டது என்று சொன்னால் பொய். பழகிவிட்டார்கள், அவ்வளவுதான். டுவேன் இன்னும் நார்ப்பை "லாரிக்காரன்" என்றுதான் சொல்வார். மார்னி அவரை நார்ப் என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். அப்பா என்றால் அது டுவேன். அதில் நார்ப்புக்கு வருத்தமில்லை என்று சொல்லலாம்; வருத்தம் இருந்தாலும் வெளியே சொல்லமாட்டார். ஆனால் அந்த மேசை இருக்கிறதே, அதைத் தன் வாழ்நாளில் தான் கட்டிய வீடு மாதிரி நினைத்தார்.

இந்த வருஷம் முறை இவர்களுடையது. மார்னிக்குப் பதினேழு முடிந்துவிட்டதால் சலுகையே சுண்டிப்போய்விட்டது. பெரிய காசு ஒன்றுமில்லை. ஆனாலும் நார்ப் ஞாயிற்றுக்கிழமை மதியம் குளித்து, தலை வாரி, பூசைக்குப் போகிறவர் மாதிரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். மார்னியின் பெயரைத் தட்டினார், லாட்டியின் பெயரைத் தட்டினார், அனுப்பினார். வரும் வெள்ளிக்கிழமை மீன்.

மறுநாள் சாயங்காலம் பதில் வந்தது. கணக்கு ஏற்கப்படவில்லை. மார்னியை ஏற்கெனவே இன்னொரு கணக்கில் காட்டியாகிவிட்டது என்று ரெண்டே வரி. யாருடைய கணக்கு என்று அரசாங்கம் சொல்லாது.

அரசாங்கம் சொல்லாவிட்டால் என்ன, காலீன் சொன்னாள்.

"வேற யாரு? அந்த மனுஷன்தான்! கூரை மேல ஏறி ஏறி மூளையும் காத்துல போயிடுச்சு போல. இத்தனை வருஷம் மீனைத் தின்னுட்டு இப்ப முதுகுல குத்தறான் பாரு!"

தட்டுத் துடைத்துக்கொண்டிருந்த மார்னியின் கையிலிருந்து ஒரு தட்டு நழுவி உடைந்தது. "கை வழுக்கிடுச்சு" என்று முனகிக்கொண்டே பொறுக்கினாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை. காலீன் அதற்குள் போனை எடுத்துவிட்டாள்.

"நானா?" டுவேனின் குரல் போனைத் தாண்டிச் சமையலறை முழுக்கக் கேட்டது. "நான் இன்னும் அந்த வரிக் கவரையே பிரிக்கலடி!"

"பொய்!"

"உன் லாரிக்காரன் பட்டனை ரெண்டு தடவ அமுக்கியிருப்பான். போய் அவன் விரலைப் பாரு!"

நார்ப் அடுப்பில் சூப்பை வைத்தார். இந்த முறை சூப்பால் ஒன்றும் ஆகவில்லை. பேச்சு முற்றி எங்கெங்கோ போய்க் கடைசியில் ஜூன் மாதத்துக்கு வந்து நின்றது. ஜூனில் மார்னி பள்ளிப்படிப்பை முடிக்கிறாள். வீட்டுப் பின்பக்கத்தில் பந்தல் போட்டு விருந்து வைப்பதாகப் பேச்சு.

"அன்னைக்கு நீ என் வாசப்படி மிதிக்கக் கூடாது" என்றாள் காலீன்.

"உன் வாசப்படி யாருக்கு வேணும்? அதே நாள்ல நானும் என் வீட்டுல விருந்து வைக்கறேன். அவ எங்க வர்றான்னு பாத்துடுவோம்!"

நார்ப் அடுப்பை அணைத்தார். ரெண்டு விருந்து, ரெண்டு கேக்.

"காலீன், கொஞ்சம் யோசிச்சுப் பாரு. கிறிஸ்துமஸ் விளக்கை ஈஸ்டர் வந்தாலும் கழட்டாதவன் அவன். வரிக் கணக்கைக் கடைசி நாள் சாயங்காலம் தபாலாபீஸ் கதவை மூடும்போது கொண்டுபோய்க் குடுக்கறவன். இப்பவே குடுத்திருப்பானா?"

"துரோகம் பண்றதுன்னா சீக்கிரம் எழுந்துப்பான். நாளைக்கே வக்கீலைக் கூப்பிடப் போறேன்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறு. முறை நம்மளுது. மீன் நாமதான் வாங்கணும்."

"அவனுக்கு மீன் வேற வாங்கிக் குடுக்கணுமா!"

"வாங்கிக் குடுத்துட்டு அப்புறம் கேளு. வாயில மீன் இருந்தா அவன் குரல் கொஞ்சம் இறங்கும்."

காலீன் முறைத்தாள். ஆனால் வக்கீலைக் கூப்பிடவில்லை.

வியாழக்கிழமை காலை வாசல் பனியைத் தள்ளிக்கொண்டிருந்த நார்ப்பிடம் மார்னி வந்து நின்றாள். கையுறையைக் கழற்றினாள், போட்டாள், மறுபடி கழற்றினாள்.

"நார்ப், ஜூன்ல நிஜமாவே அப்பாவைக் கூப்பிட மாட்டாங்களா?"

"கூப்பிடுவோம்."

"அம்மா மாட்டேன்னாங்களே."

"உங்கம்மா கோபம் பனி மாதிரி கண்ணு. கொட்டும். அப்புறம் வாரிக்கலாம். எத்தனை வாரியிருக்கேன்."

அவள் சிரிக்கவில்லை. வாயைத் திறந்தாள், ஏதோ சொல்ல வந்தாள். "ஒண்ணுமில்ல" என்று திரும்பிப் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு ஓடினாள். பாவம், படிப்புப் பயம் என்று நார்ப் நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஹாலில் வழக்கம்போல ஜே ஜே என்று கூட்டம். எண்ணெய் வாசனையும் ஈரக் கோட்டு வாசனையும் கலந்து அடித்தது. மார்னி ஐஸ்கிரீம் கடையில் வேலை முடித்து நேராகவே வந்து அவர்களுடைய வழக்கமான மேசையைப் பிடித்து வைத்திருந்தாள். எதிரே டுவேனும் ஷெர்ரியும் உட்கார்ந்திருந்தார்கள். டுவேன் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. சண்டை போட்டுவிட்டுக் கிளம்ப வசதியாக இருக்கட்டும் என்று.

காலீன் நாற்காலியை இழுத்த சத்தத்திலேயே சண்டை ஆரம்பமாகிவிட்டது.

"வந்துட்டியா? கூச்சநாச்சம் ஏதாவது இருக்கா?"

"எதுக்குக் கூச்சப்படணும்? ஷெர்ரி, நீ சொல்லு. நான் கணக்குக் குடுத்துட்டேனா?"

ஷெர்ரி நகத்தைப் பார்த்துக்கொண்டே, "இவரா? பல் டாக்டருக்கே போன வருஷம் வாங்கின தேதிக்கு இன்னும் போகல" என்றாள்.

"புருஷனுக்கு நீ வேற வக்காலத்தா!"

மார்னி மேசை ஓரத்தில் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்து மேசைக்காரர்கள் மீனை விட்டுவிட்டு இங்கே பார்க்க ஆரம்பித்தார்கள். நார்ப் எழுந்தார். "நான் போய் டிக்கெட் வாங்கிட்டு வந்துடறேன்."

வாசல் பக்கத்து மேசையில் டிக்கெட் கொடுப்பவர் ஹலினா அம்மாள். அந்தக் கோவில் பங்கில் அவருக்குத் தெரியாத குடும்பமில்லை, அவர் திட்டாத ஆளுமில்லை.

"ஆறு சாப்பாடு" என்றார் நார்ப்.

"எதுக்கு? உன் பொண்ணுதான் வாங்கிட்டாளே."

"எந்தப் பொண்ணு?"

"உனக்கு எத்தனை பொண்ணு இருக்கு? சின்னது இன்னும் பல்லு விழுந்துட்டு நிக்குது. பெரியவதான். முதல் ஆளா வந்து காசை எண்ணி வெச்சா."

"அவ எதுக்கு வாங்கினா? இந்த வருஷம் எங்க முறை."

"நானும் அதத்தான் கேட்டேன். 'இல்ல, இந்த வருஷம் என் முறை'ன்னா. வேலை செஞ்ச காசுல வரிக் கணக்குக் குடுத்தாளாம், அரசாங்கம் கொஞ்சம் திருப்பிக் குடுத்துச்சாம். என்ன பெருமை அந்தப் பிள்ளைக்கு! ஆனா முகம்தான் ஏனோ சரியில்ல. சரி தள்ளு, பின்னாடி ஆள் நிக்குது."

நார்ப் தள்ளவில்லை. அப்படியே நின்றார். பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார்.

மார்னியை யார் கணக்கில் காட்டுகிறார்களோ அவர்கள்தான் மீன் வாங்க வேண்டும். எட்டு வயதிலிருந்து அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த வரிச் சட்டம் அது ஒன்றுதான். அவளுக்கு மீன் வாங்க ஆசை வந்திருக்கிறது. அதனால் தன் கணக்கில் தன்னைத் தானே காட்டிக்கொண்டுவிட்டாள்! இந்த நாட்டில் எத்தனை கோடிப் பேர் வரிக் கணக்குக் கொடுக்கிறார்கள், இப்படி ஒரு தப்பைச் செய்ய இவளால் மட்டும்தான் முடியும். நார்ப்புக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த நொடியே அது அடங்கியும் போனது. அங்கே மேசையில் ரெண்டு பேரும் வாளை உருவிக்கொண்டு நிற்கிறார்கள். இப்போது உண்மை வெளியே வந்தால் அத்தனை பேர் முன்னால் பிள்ளை கூனிக் குறுகிப் போய்விடும். ஆசையாக வாங்கிய மீன் தொண்டையில் இறங்குமா?

திரும்பி வந்தார். காலீன் ஜூன் மாதத்தில் இருந்தாள். டுவேன் ரெண்டாவது விருந்துக்கு ஆட்டம் பாட்டமெல்லாம் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்.

"நிறுத்துங்க" என்றார் நார்ப். அவர் குரலுக்கு அது அதிகம். "குத்தம் என்னுது. நான்தான் பட்டனை ரெண்டு தடவ அமுக்கிட்டேன்."

டுவேன் மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். உப்புக் குப்பி உருண்டது. "சொன்னேனா இல்லையா! சொன்னேனா இல்லையா!"

"நீயா?" காலீன் வாயைப் பிளந்தாள். "அட பாவி மனுஷா! அந்த ஆளை நான் என்னென்ன பேசிட்டேன்! ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லக் கூடாது?"

"தெரியல. இப்பத்தான் தெரிஞ்சுது."

டுவேனுக்கு வாரம் முழுக்கத் தேக்கி வைத்த கோபம், இப்போது போக வழி கிடைத்துவிட்டது. "லாரி ஓட்டறவன் லாரியோட நிக்கணும். கம்ப்யூட்டர் உனக்கு எதுக்கு? என்னைத் திருடன்னு இந்த ஹால் பூரா கேக்கப் பேசியாச்சு. என் பொண்ணு பேரை ரெண்டு தடவ எழுதிட்டா அவ உன் பொண்ணாயிடுவாளா? அவ உனக்கு யாரு?"

டுவேனுக்கே அந்த வார்த்தை அதிகம் என்று பட்டிருக்க வேண்டும். கோட்டுப் பொத்தானைத் திருகினார். நார்ப் உருண்ட உப்புக் குப்பியை எடுத்து நிமிர்த்தி வைத்தார். எந்த அடியையும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் வந்தார், இந்த அடியை எதிர்பார்க்கவில்லை.

மார்னி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"நார்ப் பொய் சொல்றாரு. பண்ணது நான்."

"உட்காரு கண்ணு" என்றார் நார்ப்.

"நீ சும்மா இரு, நார்ப்! நான்தான் பண்ணேன். கடையில பின்னாடி உட்கார்ந்து போன்லயே பண்ணேன். 'உன்னை வேற யாராவது தன் கணக்குல காட்டலாமா'ன்னு கேட்டுச்சு. ஆமான்னு போட்டா நான் எப்படி மீன் வாங்கறது? அதனால இல்லைன்னு போட்டேன்."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"என்ன மீன்?" என்றாள் காலீன்.

"இந்த மீன்!" பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது. "வருஷா வருஷம் எனக்காக நீங்க மாத்தி மாத்தி வாங்கறீங்க. இந்தச் செப்டம்பர்ல நான் காலேஜுக்குப் போயிடுவேன். அதுக்குள்ள ஒரு தடவையாவது என் காசுல உங்க எல்லாருக்கும் வாங்கித் தரணும்னு ஆசையா இருந்துச்சு. யாரு காட்டறாங்களோ அவங்கதானே வாங்கணும்? அதான் நானே காட்டிக்கிட்டேன். வெள்ளிக்கிழமை சொல்லி ஆச்சரியப்படுத்தலாம்னு இருந்தேன்."

"திங்கக்கிழமையே சொல்ல வேண்டியதுதானேடி!"

"சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் ஜூன் வரைக்கும் போயிட்டீங்க."

முதலில் சிரித்தவள் ஷெர்ரி. அதிகம் பேசாதவள், சிரிக்க ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள் என்று அன்றுதான் தெரிந்தது. மூக்கிலிருந்து சிரித்தாள், மேசை மேல் சாய்ந்து சிரித்தாள். அடுத்து டுவேன். காலீன் சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே மகளை இழுத்து மடியில் உட்கார வைக்கப் பார்த்தாள். பெண் அவளை விட உயரம். பக்கத்து மேசைக்காரர்கள் ஏமாந்துபோய்த் தங்கள் மீனுக்குத் திரும்பினார்கள்.

"காட்டிக்கிட்டது ஒரு தப்பா?" என்று லாட்டி மட்டும் விசாரித்துக்கொண்டிருந்தாள். "நானும் என்னைக் காட்டிக்கலாமா?"

தட்டுகள் வந்தன. மார்னி போனை எடுத்து, தப்பைத் திருத்திக் கொடுக்க என்ன வழி என்று அங்கேயே பார்த்தாள். வழி இருந்தது. அவளுக்கு வந்த காசு பைசா குறையாது, 'இல்லை' என்றதை 'ஆமாம்' என்று மாற்றினால் போதும். அது போய்ச் சேரக் கொஞ்ச காலம் ஆகும். "ஆகட்டும். நம்ம கணக்கை நான் பழைய காலம் மாதிரி காகிதத்துல எழுதிக் கவர்ல போட்டு அனுப்பிடறேன்" என்றார் நார்ப். "நமக்கென்ன அவசரம்."

டுவேன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். மீனை முள்கரண்டியால் குத்திக்கொண்டே, நார்ப்பை நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்.

"நீ எதுக்குய்யா பொய் சொன்னே?"

"எனக்குச் சண்டை ஆகாது."

"கடைசியா ஒரு வார்த்தை சொன்னேனே..."

"மீன் ஆறுது, சாப்பிடு."

அந்த நேரம் பார்த்து ஹலினா அம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மேசைக்கு வந்து நின்றார். தலைகளை எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"ஏம்மா, நீ என்கிட்ட என்ன டிக்கெட் வாங்கினே?"

"குடும்ப டிக்கெட்" என்றாள் மார்னி, வாயில் அடையோடு.

"குடும்ப டிக்கெட்டுன்னா அப்பா, அம்மா, பிள்ளைங்க. இங்க நாலு பெரியவங்க உட்கார்ந்து வெட்டிக்கிட்டு இருக்காங்க. பேச்சு சுவாரஸ்யத்துல நான் கேக்காம விட்டுட்டேன். இதுல யாரு உன்னோட அப்பா அம்மா? ரெண்டு பேரை மட்டும் காட்டு. மத்த ரெண்டு பேரு தனியாக் காசு குடுக்கணும்."

டுவேனின் கை சட்டென்று பாக்கெட்டுக்குப் போனது. நார்ப்பின் கையும் போனது. காலீன் ஷெர்ரியைப் பார்த்தாள், ஷெர்ரி காலீனைப் பார்த்தாள்.

"யாரும் காசு எடுக்க வேண்டாம்" என்றாள் மார்னி. "நாலு பேருமே எனக்குத்தான்."

"நாலு பேருமா?"

"நாலு பேரும்தான். அப்பா, அம்மா, ஷெர்ரி, நார்ப். ரெண்டுதான் இருக்கணும்னு உங்க பலகையில எங்க எழுதியிருக்கு? காட்டுங்க பாப்போம்."

ஹலினா அம்மாள் திரும்பிச் சுவரில் இருந்த பலகையைப் பார்த்தார். குடும்பம் என்று எழுதியிருந்தது, விலை எழுதியிருந்தது. வேறொன்றும் இல்லை. அவர் வாயை மூடினார். பங்கில் அது அபூர்வம்.

"அடுத்த வருஷம் காலேஜ்லேர்ந்து வந்து நான் லாட்டிக்கும் சேர்த்து வாங்குவேன்" என்று மார்னி மேலும் ஒன்றைப் போட்டாள். லாட்டி நாற்காலி மேல் ஏறி நின்று கைதட்டினாள்.

"அம்மாடி, என்ன வாய்!" என்றார் ஹலினா அம்மாள். "யாருய்யா இந்தப் பிள்ளையை வளர்த்தது?"

டுவேன் வாயில் மீனை அதக்கிக்கொண்டே முள்கரண்டியால் நார்ப்பைக் காட்டினார்.

"வாய் மட்டும் என்னுது. மத்ததெல்லாம் அவன் வளர்த்தது."

நார்ப்புக்குக் கண் நிறைந்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கதோஷத்தில் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"எங்க கிளம்பிட்டே?" என்றாள் காலீன்.

"இன்னும் ரெண்டு அடை சூடா வாங்கிட்டு..."

"உட்காருய்யா" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "இங்க யாரும் சண்டை போடல."

நார்ப் உட்கார்ந்தார்.